கோயிலாலை நேரே எந்த வீட்டுக்கு?

குறிகட்டுவானோடு தார்ச்சாலை முடிந்துவிடுகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வரும் 776ஆம் இலக்க பஸ் பண்ணைக் கடலைக் கடந்து, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை என்று தீவகத்தின் ஊர்களைத் தொட்டு, தாம்போதி வழியாகப் புங்குடுதீவுக்குள் ஏறி, இறங்குதுறைக்கு முன்னால் ஆட்களை இறக்கிவிடும். முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரம். அதற்குப் பிறகு கடல். நயினாதீவுக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம், நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் மறுபக்கம். முன்னது இருபது நிமிடப் பயணம். பின்னது ஏறத்தாழ ஒரு மணி நேரம்.

ஆடி மாதத்தில் இந்தத் துறையில் நிற்கும் கூட்டத்துக்குள் சிலரைக் காலைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். குதிகால் வெடித்திருக்கும், பெருவிரல் நகம் கறுத்திருக்கும், செருப்பைப் போட முடியாமல் கையில் பிடித்திருப்பார்கள். கதிர்காமத்துக்கு நடந்தவர்கள். கந்தனைக் கண்டு, மாணிக்க கங்கையில் தீர்த்தமாடி, இரவு பஸ்ஸில் வடக்கே வந்து, வீட்டுக்குப் போகுமுன் நயினாதீவு நாகபூசணி அம்மனிடமும் ஒரு சொல் சொல்லிவிடுவோம் என்று குடும்பமாக வந்திருப்பார்கள். வாக்குவாதம் தொடங்குவது இங்கேதான். சின்னப் பெடியனுக்கு நெடுந்தீவுக் குதிரைகளைப் பார்க்க வேண்டும். "அம்மனைக் கும்பிட்டிட்டு அப்பிடியே நெடுந்தீவுக்கும் போய் வருவமே?" என்று கேட்பான். அம்மம்மாவிடமிருந்து உடனே பதில் வரும்: "கோயிலாலை நேரே வீட்டுக்குத்தான் போறது மோனை. இடையில வேற இடம் போகக் கூடாது."

கதிர்காமத்திலிருந்து நேரே வீட்டுக்குப் போகாமல் நயினாதீவுக்கு வந்திருப்பதை அம்மம்மா கணக்கில் சேர்ப்பதில்லை. அம்மன் வீடும் வீடுதான் அவருக்கு.

அம்மம்மா சொல்லும் விதி யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதல்ல. தஞ்சாவூரிலும் திருநெல்வேலியிலும் இதையே கேட்கலாம். கோயிலுக்குப் போய்விட்டு இன்னொருவர் வீட்டுக்குள் நுழைந்தால் புண்ணியம் அந்த வீட்டோடு தங்கிவிடும் என்பார்கள். சபரிமலைக்குப் போனவர் வீடு திரும்பி, வாசலில் தேங்காய் உடைத்து, மாலையைக் கழற்றும் வரை விரதத்தில்தான் இருக்கிறார். அதுவரை அவர் வீட்டுக்காரரும் அல்லர், வழிப்போக்கரும் அல்லர். இந்த இடைநிலை நீண்டால் வீட்டுப் பெரியவர்களுக்குப் பதற்றம் வந்துவிடும். நடந்தே போய் நடந்தே வந்த காலத்தில் அந்தப் பதற்றத்துக்குக் காரணமும் இருந்தது. போனவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே அவர் படலையைத் திறக்கும் வரை தெரியாது. திரும்பும் வழியில் ஓர் ஊரில் ஒரு நாள் தங்கினால் வீட்டில் ஒரு நாள் கூடுதலாக அடுப்பு மங்கும். நேரே வா என்பதை வீட்டிலிருந்தவர்கள் வைத்த வேண்டுகோளாகப் படித்தால் அதற்குப் பொருள் இருக்கிறது. புண்ணியம் சிந்திவிடும் என்று படித்தால் சிக்கல் தொடங்குகிறது. சைவ மரபில் மிக நீண்ட தூரம் நடந்தவர்கள் எவரும் நேரே வீட்டுக்குப் போகவில்லை.

சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடிய பெரியபுராணத்தில் கயிலைக்கு நடந்தவர் கதை இரண்டு உண்டு. இரண்டிலும் நடந்தவரை இறைவன் வேறோர் ஊருக்கு அனுப்பிவைக்கிறான்.

திருநாவுக்கரசர் முதியவர். காளத்தியைக் கும்பிட்டதும் கயிலையைக் காணும் ஆசை பிறக்கிறது. வடக்கே நடந்து காசி வரை போகிறார். கூட வந்தவர்களை அங்கே விட்டுவிட்டுத் தனியே கிளம்புகிறார். பாதம் தேய்ந்தபின் கையால் ஊன்றிப் போகிறார், அதுவும் தேய்ந்தபின் மார்பால் தவழ்கிறார், கடைசியில் புரள்கிறார். எதிரே ஒரு முனிவர் வந்து, மானுடருக்கு எட்டாத இடம், திரும்பிப் போ என்கிறார். நாவுக்கரசர் மறுக்கிறார். முனிவர் வடிவில் வந்த இறைவன் அவரை ஒரு பொய்கையில் முழுகச் சொல்கிறான். முழுகியவர் எழுவது திருவையாற்றுக் குளத்தில். அங்கேதான் அவருக்குக் கயிலைக் காட்சி கிடைக்கிறது, அதுவும் இணை இணையாக வரும் விலங்குகளும் பறவைகளும் சக்தியும் சிவமுமாகத் தெரிகிற காட்சியாக. புறப்பட்ட நாட்டிலேயே, காவிரிக் கரையில். இமயத்திலிருந்து சோழநாட்டுக்கு இவ்வளவு விரைவான திரும்பு பயணத்தை எந்தப் போக்குவரத்துச் சபையும் இன்றுவரை ஒழுங்கு செய்யவில்லை.

காரைக்கால் அம்மையார் பேயுருவில் போனவர். இறைவன் இருக்கும் மலையைக் காலால் மிதிப்பது தகாது என்று தலையால் நடந்து ஏறுகிறார். அவரை இறைவன் அம்மை என்று அழைத்துப் பெருமை செய்கிறான். ஆனால் அங்கேயே இருந்துவிடச் சொல்லவில்லை. திருவாலங்காட்டுக்குப் போ, அங்கே ஆடுவேன், அதைக் கண்டு பாடிக்கொண்டிரு என்கிறான். மலையுச்சி வரை போன பிறகு அவருக்குக் கிடைத்தது அடுத்த ஊரின் பெயர்.

போனவர் திரும்பாத கதையும் அதே நூலில் இருக்கிறது. சுந்தரர் திருவஞ்சைக்களத்திலிருந்து வெள்ளை யானையில் கயிலைக்குப் போனார், சேரமான் பெருமாள் குதிரையில் பின்தொடர்ந்தார். இருவரும் நடக்கவில்லை, இருவரும் மீளவில்லை. நடந்து போனவர்கள் இருவருக்கும் மேலே தொடர ஒரு பயணம் தரப்பட்டது. சேக்கிழார் இதை எண்ணித்தான் பாடினாரா என்று வாதாடத் தேவையில்லை. அம்மம்மாவின் விதிக்குப் பெரியபுராணத்தில் ஆதரவு தேடினால் கிடைக்காது, அவ்வளவுதான்.

காசி யாத்திரை இன்னும் வெளிப்படையானது. அங்கே மேற்கொண்டு செய்யும் பயணம்தான் சடங்கு. இராமேசுவரத்தில் கடலாடி, மணல் எடுத்துக்கொண்டு வடக்கே போய், பிரயாகையில் திரிவேணி சங்கமத்தில் அந்த மணலைக் கரைத்து, கங்கை நீர் எடுத்து, காசியில் விசுவநாதரைக் கும்பிட்டு, மறுபடி இராமேசுவரம் வந்து இராமநாதருக்கு அந்த நீரால் அபிடேகம் செய்தால்தான் யாத்திரை நிறையும் என்பது வழக்கு. காசியோடு நின்றுவிட்டவர் பாதி வேலை செய்தவர். வீடு சேர்ந்த பிறகும் வேலை இருக்கிறது: கங்கை நீர்ச் செம்பை வைத்துப் பூசை செய்து நாலு பேருக்குச் சோறு போட வேண்டும். தமிழ்நாட்டுப் பிராமணர் கலியாணங்களில் மாப்பிள்ளை குடையும் தடியும் எடுத்துக்கொண்டு காசிக்குக் கிளம்புவதும், பெண்ணின் தகப்பனார் வழிமறித்துத் திருப்பி அழைத்து வருவதும் ஒரு சடங்காகவே இருக்கிறது. காசிக்குப் போகிறவன் திரும்பமாட்டான், இல்லறத்தான் திரும்பவேண்டும் என்ற பழைய இழுபறி அதில் வேடிக்கையாகிவிட்டது.

யாழ்ப்பாணத்தவருக்குச் சிதம்பரம்தான் நெடுங்காலம் பெரிய யாத்திரை. அங்கே அவர்கள் மடங்கள் கட்டி, அவற்றுக்கு ஊரில் நிலபுலன்களை எழுதி வைத்தார்கள். 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ரயிலோடு இணைந்த கப்பல் ஓடத் தொடங்கியது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பிறகு இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் போரோடு நின்றது. 2023 அக்டோபர் 14ஆம் தேதி நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் வந்தது, சில நாள்களில் நின்றது, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. காங்கேசன்துறையில் கப்பல் ஏறினால் வேதாரணியமும் சிதம்பரமும் வேளாங்கண்ணியும் எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டன. இந்தக் கப்பலைப் பற்றிய பேச்சு குறிகட்டுவான் வரிசையிலும் அடிபடும். கதிர்காமம் முடித்த கையோடு சிதம்பரமும் போனால் என்ன?

அந்த "கையோடு" என்பதில்தான் நடப்பவர்களுக்குள் கருத்து பிரிகிறது.

கதிர்காமப் பாதயாத்திரை தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து வைகாசியை ஒட்டிக் கிளம்புகிறது. முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, மண்டூர், திருக்கோவில் என்று கிழக்குக் கரையோரமாக இறங்கி உகந்தைமலை முருகன் கோயிலை அடைய ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அங்கிருந்து காடு. குறிப்பிட்ட சில நாள்களுக்கு மட்டும் அதிகாரிகள் காட்டுப்பாதையைத் திறந்துவிடுவார்கள். குமுக்கன், நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்று தங்கித் தங்கிப் போனால் ஐந்து நாளளவில் கதிர்காமம். வழியில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆணும் சாமி, பெண்ணும் சாமி, குழந்தையும் சாமி. பழைய மரபில் நடப்பவர்கள் காசு வைத்துக்கொள்ளமாட்டார்கள். ஊரூராகக் கிடைக்கும் அன்னதானமே உணவு, கோயில் மண்டபமே படுக்கை. நாளைக்கு எங்கே, எப்படி என்று கேட்டால், அவன் பார்ப்பான் என்பார்கள். முழுத் தூரத்தையும் நடப்பவர்கள் சில நூறு பேர். குடும்பமாக வருகிறவர்களில் பெரும்பாலானோர் உகந்தையில் சேர்ந்து காட்டை மட்டும் நடக்கிறார்கள். அவர்கள் தொகை இப்போது பத்தாயிரக்கணக்கில்.

முழு யாத்திரிகருக்குத் திரும்பும் பஸ்ஸைப் பற்றிப் பேசுவதே குறையாகப் படும். கந்தன் காலடியில் கிடக்கிறவன் மணிக்கூட்டைப் பார்ப்பானா? குடும்பத்தோடு வந்தவருக்கோ ஐந்து வயதுப் பிள்ளையும் நீரிழிவு உள்ள தகப்பனாரும் இருக்கிறார்கள். இன்சுலின் எத்தனை நாளுக்கு இருக்கிறது, பள்ளிக்கூடம் எப்போது தொடங்குகிறது, தீர்த்தம் முடிந்த அன்று பஸ்ஸில் இடம் கிடைக்குமா என்று அவர் உகந்தைக்கு வருமுன்பே வாட்ஸ்அப்பில் பேசி முடித்திருப்பார். முன்னவரின் பார்வையில் இது நம்பிக்கைக் குறைவு.

இந்தக் குற்றச்சாட்டைச் சற்று நிறுத்திப் பார்க்கலாம். திட்டமில்லாமல் நடப்பவர்களுக்காக எப்போதும் வேறு யாராவது திட்டமிட்டிருக்கிறார்கள். அன்னதானம் போடும் ஊரார் எந்த நாளில் எத்தனை சாமிகள் வருவார்கள் என்று கணக்குப் பார்த்துத்தான் அரிசி போடுகிறார்கள். காட்டுக்குள் குடிதண்ணீர் கொண்டுபோய் வைப்பதற்கு ஆள் வேண்டும், வண்டி வேண்டும். ஆங்கிலேயர் ஆட்சியில் காலரா பயத்தால் 1870களிலிருந்து கதிர்காம யாத்திரைக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. 1910இல் அம்பாந்தோட்டையின் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர் லெனார்ட் வுல்ஃப், பின்னாளில் எழுத்தாளர் வெர்ஜீனியா வுல்ஃபின் கணவராக உலகம் அறிந்தவர். யாழ்ப்பாணத்தில் வேலை பழகிய அவர், அந்த ஆண்டு திருவிழா நாள்களில் கதிர்காமத்திலேயே தங்கி, யாத்திரிகரின் சுகாதாரத்தையும் ஒழுங்கையும் மேற்பார்த்தார். அவருக்கு அந்த வழிபாட்டில் நம்பிக்கை கிடையாது. நோயில்லாமல் இத்தனை பேரும் வீடு போய்ச் சேரவேண்டும் என்ற கவலை மட்டும் இருந்தது. ஏறத்தாழ அதே காலத்தில்தான் யாழ்ப்பாணத்து யோகர் சுவாமி கதிர்காமத்துக்கு நடந்தார் என்று அவருடைய வரலாறு கூறுகிறது. அவர் குருவான செல்லப்பா சுவாமி, காரியமெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது என்ற பொருளில் பேசிக்கொண்டு நல்லூர்த் தேரடியை விட்டு அசையாதவர். நடந்த சீடர், அசையாத குரு, சுகாதாரம் பார்த்த வெள்ளைக்காரர். மூவரில் கடைசியானவரை யாத்திரைக் கதைகளில் யாரும் சேர்ப்பதில்லை. சேர்ப்பதுதான் நியாயம்.

இவற்றையெல்லாம் பேசுவதற்குக் குறிகட்டுவானைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. எதிரே தெரியும் நயினாதீவைத்தான் மணிமேகலைக் காப்பியத்தின் மணிபல்லவம் என்று அறிஞர் பலர் கொள்கிறார்கள். ஒப்பாதவர்களும் உண்டு. ஊர் ஒப்புக்கொண்டுவிட்டது: கோயிலுக்கு வருகிறவர்களுக்குச் சோறு போடும் மண்டபத்தின் பெயர் அமுதசுரபி.

மணிபல்லவத்தின் மிகச் சோகமான கதை மணிமேகலையுடையதல்ல, ஆபுத்திரனுடையது. அவன் கையில் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி இருந்தது. ஆனால் பாண்டிநாட்டில் மழை பெய்து பசி ஒழிந்துபோனதால் உண்ண ஆளில்லை. சாவக நாட்டில் பஞ்சம் என்று கப்பலில் வந்தவர்கள் சொல்கிறார்கள். உடனே கப்பல் ஏறுகிறான். காற்றுக்காகக் கப்பல் மணிபல்லவத்தில் ஒரு நாள் நிற்கிறது. அவன் இறங்குகிறான். இரவில் காற்று சாதகமாகிறது. அவனும் ஏறிவிட்டான் என்று நினைத்துக் கப்பல் போய்விடுகிறது. ஆளில்லாத தீவு. கையில் உலகத்துப் பசியையெல்லாம் தீர்க்கும் பாத்திரம், எதிரே ஊட்டுவதற்கு ஒருவரும் இல்லை. தான் மட்டும் உண்டு உயிர் வாழ்வது அவனுக்குச் சம்மதமில்லை. ஆண்டுக்கு ஒரு முறை வெளிப்படுக என்று சொல்லிப் பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் கிடந்து உயிர் விடுகிறான்.

அதோடு முடியவில்லை. அந்தக் கப்பலில் போன வணிகரில் ஒன்பது பேர், ஆளைக் காணோம் என்று தெரிந்தபின் தேடிக்கொண்டு திரும்பி வருகிறார்கள். அவன் இறந்து கிடப்பதைக் கண்டு, அவர்களும் அங்கேயே உண்ணாதிருந்து மாய்கிறார்கள். காப்பியத்தைப் பாடிய சாத்தனார் இதைச் சில அடிகளில் கடந்துவிடுகிறார். படிப்பவருக்கு அவ்வளவு எளிதில் கடக்க முடியாது. இத்தனை சாவுக்கும் காரணம் தீமை செய்த ஒருவனும் இல்லை. கப்பலை அவிழ்க்குமுன் ஒருவரும் தலையெண்ணிப் பார்க்கவில்லை.

பின்னர் அதே தீவுக்கு மணிமேகலை வருகிறாள், தன் விருப்பத்தால் அல்ல. தூக்கத்தில் தெய்வம் தூக்கிக்கொண்டு வந்து விட்டுவிடுகிறது. புத்த பீடிகையைக் காண்கிறாள், முற்பிறப்பை அறிகிறாள், வான்வழியே செல்லும் மந்திரத்தைப் பெறுகிறாள், கோமுகியில் வெளிப்பட்ட அமுதசுரபியை ஏந்துகிறாள். யாத்திரை என்றால் இதைவிட நிறைவான யாத்திரை கிடையாது. அவள் அங்கே தங்கவில்லை. தன் ஊரான புகாருக்குத் திரும்புகிறாள், ஆதிரையிடம் முதல் பிச்சை ஏற்கிறாள், காயசண்டிகையின் தீராப் பசியைத் தீர்க்கிறாள், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கச் செய்கிறாள். ஒரே தீவு, ஒரே பாத்திரம், ஒரே அருள். ஆபுத்திரனுக்குக் கிடைக்காமல் மணிமேகலைக்குக் கிடைத்தது தீவைவிட்டு வெளியேற ஒரு வழி. ஆபுத்திரன் அவளைவிடத் தவத்தில் குறைந்தவன் என்று காப்பியம் எங்கும் சொல்லவில்லை. அவன் மறுபிறவியில் சாவகத்து மன்னனாகிக் கப்பலேறி இதே தீவுக்கு வந்து, புன்னை மரத்தடியில் மணலுக்குள் கிடந்த தன் பழைய எலும்பைத் தானே பார்ப்பது வரை கதை போகிறது. அப்படிப் பார்த்தபின் அவனும் நாட்டுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது, அரசன் இல்லாமல் குடிகள் என்ன செய்வார்கள் என்று.

ஆகவே பஸ் நேரத்தைக் கேட்கிற குடும்பத் தலைவரைப் பக்தி குறைந்தவராகக் கருதவேண்டியதில்லை. கப்பலில் தலையெண்ண வேண்டியிருந்த வேலையை அவர் செய்கிறார். யாத்திரையில் கிடைத்தது எதுவானாலும் அது செலவாகப்போகிற இடம் கோயில் வாசலுக்கு அப்பால்தான் இருக்கிறது. அங்கே போய்ச் சேர்வதற்கு வேண்டிய ஒழுங்கைச் செய்வதும் வழிபாட்டின் பகுதி என்று கொள்வதற்கு மணிபல்லவக் கதை ஒன்றே போதும். மற்ற மரபுகளிலும் இந்த ஒழுங்கு உண்டு. ஹஜ்ஜுக்குப் போனவர் மக்காவை விட்டு நீங்குமுன் விடைபெறும் வலம் ஒன்று செய்யவேண்டும், அதற்குமேல் அங்கே காரணமில்லாமல் தங்கக்கூடாது. ஆளந்தியிலிருந்து பண்டரிபுரத்துக்கு இலட்சக்கணக்கானோர் சூழ நடந்துபோகும் ஞானேசுவரர் பல்லக்கு மறுபடி நடையாகவே ஆளந்திக்குத் திரும்புகிறது. போகும்போது இருக்கும் கூட்டத்தில் சிறு பகுதிதான் வரும்போது இருக்கும். ஸ்பெயினில் சந்தியாகோ வரை நடந்தவர்களில் ஒரு பகுதியினர் அங்கே நிற்காமல் தொண்ணூறு கிலோமீட்டரளவு மேற்கே போய், நிலம் முடிந்து கடல் தொடங்கும் ஃபினிஸ்தெர்ரே முனையில்தான் காலுக்கு ஓய்வு கொடுக்கிறார்கள். அவர்களுக்கும் நெடுந்தீவு கேட்ட பெடியனுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

இந்தக் கடலில் வீடு போய்ச் சேர்வது உறுதியான காரியமாக எப்போதும் இருந்ததில்லை. சோழகம் எழும்பினால் நெடுந்தீவுப் படகு நின்றுவிடும். 1985 மே 15ஆம் தேதி நெடுந்தீவு மாவிலித்துறையிலிருந்து வந்துகொண்டிருந்த குமுதினிப் படகைக் கடற்படையினர் நடுக்கடலில் மறித்து, கைக்குழந்தை உட்பட இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். அது யாத்திரைப் படகல்ல. வேலைக்கும் வைத்தியத்துக்கும் கடைக்கும் போன சனம். ஆண்டுதோறும் மே 15இல் நெடுந்தீவில் அவர்களை நினைவுகூர்கிறார்கள். "நேரே வீட்டுக்கு வா" என்று ஒரு தீவகத்து அம்மம்மா சொல்லும்போது அதற்குள் இந்த நினைவும் இருக்கக்கூடும். அதை மூடநம்பிக்கை என்று தள்ளுவதற்கு வெளியூர்க்காரருக்கு அவசரம் வேண்டாம்.

சரி, நேரே வீட்டுக்கு என்றே வைத்துக்கொண்டால், எந்த வீட்டுக்கு?

புங்குடுதீவில் இந்தக் கேள்வியை விளையாட்டாகக் கேட்க முடியாது. பஸ் குறிகட்டுவானுக்கு வரும் வழியில் இருபுறமும் பார்த்தால் போதும். கூரை விழுந்த கல்வீடுகள், பற்றை மண்டிய வளவுகள், பூட்டிய படலைகள். போர்க் காலத்தில் தீவே ஏறத்தாழ வெறுமையானது. ஊரவர் கொழும்புக்கும் வன்னிக்கும் கனடாவுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் பிரான்சுக்கும் போனார்கள். ஆடியில் குறிகட்டுவானில் நிற்கும் குடும்பங்களில் பாதி, பள்ளிக்கூட விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகளைக் கொண்டவை. அவர்களுடைய மேற்பயணத் திட்டம் நெடுந்தீவோடு முடிவதில்லை. யாழ்தேவி ரயிலிலோ வாகனத்திலோ கொழும்பு, கட்டுநாயக்காவில் விமானம், நடுவில் ஒரு மாற்று விமானம், பிறகு ஸ்காபரோவில் ஒரு மாடிக் குடியிருப்பு. 2019 அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகியபின் சென்னை வழியாகப் போகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு நடுவில் சிதம்பரத்தையோ திருச்செந்தூரையோ செருகிவிட ஒரு சாக்கு.

அம்மம்மா எங்கே தேங்காய் உடைப்பார்? இடிந்த வீட்டு வாசலிலா, பதினான்காவது மாடியின் கதவுக்கு முன்னாலா? பின்னதில் தேங்காய் உடைத்தால் பக்கத்து வீட்டார் முறைப்பாடு செய்வார்கள். சில குடும்பங்கள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கின்றன. குறிகட்டுவானிலிருந்து திரும்பும்போது வாகனத்தைப் பழைய வளவில் நிறுத்தி, கிணறு பாவனையில் இருந்தால் ஒரு வாளி அள்ளிக் கால் கழுவி, ஊர்க் கோயிலில் ஒரு தேங்காய். ரொறன்ரோ போய் இறங்கியதும் ரிச்மண்ட் ஹில் பிள்ளையாருக்கு இன்னொரு தேங்காய். ஒரு யாத்திரைக்கு இரண்டு வீடு, இரண்டு முடிவு. சாத்திரத்தில் இடமுண்டா என்று எந்தக் குருக்களிடமும் அவர்கள் கேட்பதில்லை. கேட்டாலும் குருக்களுக்கும் ஒரு பிள்ளை கனடாவில் இருக்கும்.

விபூதிக்கும் குங்குமத்துக்கும் பிரச்சினை இல்லை, பொட்டலமாகக் கொண்டு போகலாம். மாணிக்க கங்கைத் தீர்த்தத்தைப் பெரிய பைக்குள் நன்றாகச் சுற்றி வைக்கலாம். வளவு மண்ணில் ஒரு பிடி எடுத்துப் போகத்தான் பலருக்கு ஆசை. அதற்கு மட்டும் வழியில்லை. கனடா தன் எல்லைக்குள் பிற நாட்டு மண்ணை விடுவதில்லை. பூச்சியும் கிருமியும் வரும் என்கிறது சட்டம். இராமேசுவரத்து மணலை முடிந்துகொண்டு காசிக்குப் போனவர்களை வழியில் இப்படி யாரும் நிறுத்தவில்லை.